ஊர் போய்ச் சேர எத்தனை யூனிட்? குடும்பத்துக்கு மின்சாரக் கார் தேர்ந்தெடுக்கும் கணக்கு

[திரையில்: சென்னை முதல் திருநெல்வேலி வரையிலான நெடுஞ்சாலை வரைபடம். விக்கிரவாண்டி, பெரம்பலூர், திருச்சி, மதுரை, கோவில்பட்டி என ஊர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

வணக்கம். சென்னையில் வேலை, திருநெல்வேலியில் சொந்த ஊர். இடையில் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் பெட்டி படுக்கையோடு கிளம்பும் குடும்பம் மின்சாரக் கார் வாங்க நினைத்தால், முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஒரே சார்ஜில் ஊர் போய்ச் சேருமா? ஷோரூமில் உடனே 650 கிலோமீட்டர் என்று அச்சிட்ட தாளை நீட்டுவார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது உங்கள் சாலையில் எடுத்த எண் அல்ல. இந்தியாவில் கார்களைச் சோதிக்கும் முறையில், வண்டி ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓடுகிறது. உச்ச வேகம் 90 கிலோமீட்டர். சராசரி வேகமோ 30ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏசி ஓடுவதில்லை. நெடுஞ்சாலையில் நூறில் போகும் குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. டாடா ஹேரியர் மின்சாரக் காரைப் பாருங்கள். 75 யூனிட் பேட்டரி கொண்ட மாடலுக்குச் சோதனை எண் 627 கிலோமீட்டர். நடைமுறையில் 480 முதல் 505 வரை கிடைக்கும் என்று அந்த நிறுவனமே தனியாக இன்னொரு எண்ணையும் தருகிறது. இப்படி வெளிப்படையாகச் சொல்வதை எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த இரண்டாவது எண்ணும் குறையும்.

[திரையில்: வீட்டு மின்கட்டண ரசீது, 'யூனிட்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.]

இனி யூனிட்டில் பேசுவோம். கார் விளம்பரத்தில் கிலோவாட் மணி என்று போடுவதும், உங்கள் மின்கட்டண ரசீதில் யூனிட் என்று வருவதும் ஒன்றே. 60 கிலோவாட் மணி பேட்டரி என்றால், அதில் 60 யூனிட் மின்சாரம் அடங்கும். ஐந்து பேர், சாமான், ஏசி, 90 முதல் 100 வரை வேகம் என்று வைத்தால், நடுத்தர அளவு கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் தரும். பெரிய எஸ்யூவி ஐந்தரையை ஒட்டித் தரும். பேட்டரியை முழுக்கக் காயவிட முடியாது. 15 சதவீதமாவது கையிருப்பு வேண்டும். ஆகவே 60 யூனிட் காரில் முதல் ஓட்டத்துக்குக் கிடைப்பது 51 யூனிட், அதாவது 300 கிலோமீட்டர். வழியில் 80 சதவீதம் வரைதான் சார்ஜ் செய்வோம் என்பதால், அடுத்த ஓட்டங்களுக்கு 230 கிலோமீட்டர்.

ஏன் 80? அதுவரை வேகமாக ஏறும் சார்ஜ், அதற்குமேல் வெகுவாக மெதுவாகிவிடுகிறது. கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த ஊரைத் தாண்டியிருக்கலாம். பின்னால் இன்னொரு குடும்பம் வரிசையில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கச் செலவாகும் மின்சாரம், கிலோமீட்டர் கணக்கில், வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் அந்தச் செலவு மட்டும் 56 சதவீதம் உயரும். மேற்கூரையில் சாமான் கட்டினால் இன்னும் கூடும். ஏசி விஷயம் இதற்கு நேர்மாறு. அது ஓடும் மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் 90இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 1.7 யூனிட்தான் ஆகும். அண்ணா சாலை நெரிசலில் மணிக்கு 20இல் ஊர்ந்தால் அதே 100 கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட். ஆகவே நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்துக் குழந்தைகளை வேகவைக்க வேண்டாம். வேகத்தைப் பத்து குறைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

[திரையில்: ஒரே வரைபடத்தில் இரண்டு கார்கள். ஒன்றில் 60 யூனிட், மற்றொன்றில் 79 யூனிட்.]

இப்போது ஊருக்குக் கிளம்புவோம். 60 யூனிட் கார் பெரம்பலூரில் நிற்கிறது. வந்த தூரம் 270, செலவு 45 யூனிட். அங்கே 33 யூனிட் ஏற்றிக்கொள்கிறது. மதுரையில் மறுபடி 20 யூனிட். இரவு உணவு நேரத்துக்கு நெல்லை வந்துவிடலாம். 79 யூனிட் கார் திருச்சியில் ஒரே இடத்தில் நின்று 44 யூனிட் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வழியில் 60 கிலோவாட் சார்ஜர்தான், அதாவது மணிக்கு 60 யூனிட் வரை ஏற்றக்கூடியதுதான், இருக்கிறது என்றால், சிறிய பேட்டரிக்கு மொத்தம் ஒரு மணி நேரம், பெரியதற்கு முக்கால் மணி நேரம். ஆக வித்தியாசம் கால் மணி நேரம், கூடுதலாக ஒரு முறை நிற்பது. பெரியவர்களும் குழந்தைகளும் வண்டியில் இருந்தால் இரண்டு முறை எப்படியும் நிற்கத்தான் போகிறோம். அந்தக் கால் மணி நேரத்துக்காகச் சில லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்பதை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும்.

கார் எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் சாலையில் இருக்கும் சார்ஜரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மகிந்திரா எக்ஸ்.இ.வி 9இ காரின் 79 யூனிட் பேட்டரி, 175 கிலோவாட் சார்ஜரில் 20 நிமிடத்தில் 20இலிருந்து 80 சதவீதத்தை எட்டும் என்கிறது நிறுவனம். அதே காரை 60 கிலோவாட் சார்ஜரில் போட்டால் அந்த வித்தை நடக்காது. ஒரே சார்ஜரில் இரண்டு துப்பாக்கிகள், அதாவது காரில் செருகும் முனைகள், இருந்து, பக்கத்தில் இன்னொரு காரும் இணைக்கப்பட்டால் உங்கள் பங்கு 30 ஆகக்கூடும். வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பாதையில் எந்தெந்த இடத்தில் எத்தனை கிலோவாட் சார்ஜர் உள்ளது, எத்தனை துப்பாக்கிகள் என்று செயலியில் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரே ஒரு சார்ஜர் மட்டும் உள்ள இடத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

[திரையில்: பழைய வீட்டுத் திண்ணை, சுவரில் 15 ஆம்பியர் பிளக்.]

பலர் பேசாத விஷயம் ஒன்று: ஊரில் இறங்கிய பிறகு சார்ஜ் செய்வது. தாத்தா வீட்டுத் திண்ணையில் 15 ஆம்பியர் பிளக் இருக்கும். காரோடு வரும் சிறிய சார்ஜரைச் செருகினால் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு விளக்கு எரியும். கார் பழுதல்ல. அந்த வீட்டில் எர்த்திங் சரியில்லை என்று பாதுகாப்புக்காகச் சார்ஜர் மறுக்கிறது. வீடு கட்டிய காலத்தில் உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழி பல ஆண்டுகளாகத் தண்ணீரே காணாமல் காய்ந்திருக்கும். உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் புதுப்பித்துவிட்டால் காருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு. பண்டிகைக்கு முந்தைய நாள் அல்ல, ஒரு மாதம் முன்பே செய்யுங்கள்.

சென்னை வீட்டுக்கும் இது பொருந்தும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் தேவை ஏழு யூனிட். 15 ஆம்பியர் பிளக்கிலேயே இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். பெரிய பேட்டரியை ஓர் இரவில் நிரப்ப 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும். அதற்கு மின் வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டியிருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், உங்கள் மீட்டரிலிருந்து வண்டி நிறுத்தும் இடம்வரை கேபிள் இழுக்கச் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே காரை முன்பதிவு செய்யுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவருக்கு எவ்வளவு பெரிய பேட்டரியும் நிம்மதி தராது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஆட்களோடு 2,300 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 11 யூனிட் வேண்டும். இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி அதில் கணிசமான பங்கைத் திருப்பித் தரும். ஆனால் மேலே விடுதியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு இறங்கினால் அந்த மின்சாரம் போய்ச்சேரப் பேட்டரியில் இடம் இருக்காது. பிரேக்கில் பாரம் விழும். மலையில் 80ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

[திரையில்: காரின் பின் இருக்கை, பக்கவாட்டுக் காட்சி. தரைக்கடியில் பேட்டரி.]

பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல மின்சாரக் கார்களில் பின்னிருக்கையின் தரை உயர்ந்திருக்கும். முழங்கால் மேலெழும்பி, தொடைக்குத் தாங்கல் குறையும். பத்து நிமிடத்தில் தெரியாது. மதுரை தாண்டும்போது அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும்போதுதான் தெரியும். வீட்டில் மூத்தவரைப் பின்னால் உட்காரவைத்து அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் பிரேக் மீட்பு அளவையும் குறைத்து வையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இழுபட்டால் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும். ஸ்டெப்னி தருகிறார்களா, பங்க்சர் கிட் மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

என் பரிந்துரை இது. ஆண்டுக்கு நான்கைந்து முறை ஊருக்குப் போகும் ஐந்து பேர் குடும்பத்துக்கு, நூறு கிலோவாட்டை ஒட்டி சார்ஜ் ஏற்கும் 55 முதல் 65 யூனிட் கார் போதும். ஏழு பேர் என்றால் கியா கேரன்ஸ் கிளாவிஸ் இ.வி போன்ற மூன்று வரிசை மின்சாரக் காரைப் பாருங்கள்; 51.4 யூனிட்தான், இரண்டு நிறுத்தம் உறுதி, ஆனால் எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம். மாதந்தோறும் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு 75, 79 யூனிட் நியாயமான செலவு.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதீர்கள். வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, புறவழிச் சாலையில் 95இல் அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். திரும்பியதும் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திரையில் காட்டும் எண்ணைப் படம் எடுத்து, பேட்டரி அளவின் 85 சதவீதத்தோடு பெருக்குங்கள். விற்பனையாளரிடம் பேச வேண்டிய எண் அதுதான்.