ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மருத்துவர். நோயாளிகளின் முகத்தைவிட அவர்கள் பெயர் ஒட்டிய குழாய்களைத்தான் அதிகம் பார்ப்பேன். என்றாலும் எப்போதாவது ஒருவர் ரிப்போர்ட்டோடு வாசலில் வந்து நிற்பார். "டாக்டர், நம்பர் இவ்வளவு ஏறியிருக்கே, முத்திடுச்சா?" என்று கேட்பார்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் அந்த நம்பர் பெரும்பாலும் எஸ்.சி.சி. ஆன்டிஜென். 1977இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கருப்பை வாய்ப் புற்றுத் திசுவிலிருந்தே பிரித்தெடுத்த புரதம் இது. இந்தப் புற்றில் பெரும்பங்கு செதிள் செல் வகை, அதாவது மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்களில் தொடங்குவது. அதற்குத்தான் இது பொருந்தும். சுரப்பி செல்லில் தொடங்கிய புற்று என்றால் சி.ஏ. 125, சி.இ.ஏ. என்ற வேறு புரதங்களை ரத்தத்தில் பார்ப்பார்கள். ஆகவே பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனை, என்ன சொல்கிறது என்று தெரியாமல் மார்க்கர் எனப்படும் இந்தப் புரதங்களின் அளவைப் படிப்பதில் பிரயோஜனமில்லை.

சரி, எண் என்ன சொல்கிறது? பல ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராம் வரை இயல்பு என்று வைத்திருக்கின்றன. கட்டி பெரிதாக ஆக, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவப் பரவ, இது ஏறும் போக்கு உண்டு. ஒரே கட்டத்தில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவரின் ஸ்கேனில் கணுக்களை இன்னும் உன்னிப்பாகத் தேடுவார்கள், நோய் திரும்புமோ என்று கூடுதலாகக் கவனிப்பார்கள். ஆனால் நோயின் கட்டத்தைத் தீர்மானிக்கும் விதிகளில் இந்த எண்ணுக்கு இடமில்லை. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். அதனால்தான் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதை எடுப்பதில்லை, அதற்கு இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையும், கருப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இருக்கின்றன.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புரதம் நம் எல்லாருடைய தோலிலும் எச்சிலிலும் உண்டு. மாஸ்க் போடாத ஒருவர் திறந்த குழாய்க்கு மேலே பேசினால் போதும், தெறிக்கும் ஒரு துளி எச்சில் எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். எதிர்பாராத உயர்வைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது குழாயைத்தான். புதிதாக ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்ப்போம். சோரியாசிஸ், எக்சிமா போன்ற தோல் நோய்களோ சிறுநீரகச் செயலிழப்போ இருப்பவர்களுக்கும் புற்று இல்லாமலே ஏறும்.

தனி எண்ணைவிட எண்களின் வரிசைதான் பேசும். இந்தப் புரதம் ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். அறுவை சிகிச்சையில் கட்டி முழுக்க அகன்றால் சில நாட்களிலேயே இறங்கிவிடும். கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கும்போது கட்டி கரையக் கரைய மெதுவாக இறங்கும். சிகிச்சை முடிந்தும் இறங்காமல் நின்றால், உள்ளே மிச்சம் இருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால், வலியோ ரத்தக் கசிவோ தெரிவதற்குச் சில மாதம் முன்பே அது கண்ணில் படலாம். ஆனால் முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் எல்லாருக்கும் இதைக் கட்டாயமாக எடுக்கச் சொல்வதில்லை. வந்து பார்த்துப் பரிசோதிக்கும் மருத்துவரின் கையும் கண்ணும்தான் இன்றும் முதலில்.

இன்னொன்று. ஒரு கம்பெனியின் பரிசோதனை கிட்டில் வந்த எண்ணை வேறு கம்பெனி கிட்டில் வந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. லேப் மாற்றியதாலேயே ஏறியதுபோலத் தெரிந்து, தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு.

அதனால் வாசலில் நிற்பவரிடம் நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன்: "போன தடவை எங்கேம்மா எடுத்தீங்க? அந்த ரிப்போர்ட் கையில இருக்கா?"