செவ்வந்தி லிஃப்ட் ஏறிட்டா! இப்போ அவளுக்கு ஒரு வீடு வேணும்

வணக்கம் மக்களே! இன்னைக்கு நல்ல சேதியோட வந்திருக்கேன். நான் பார்த்துக்கிட்டு, தத்து கொடுக்க வீடு தேடுற தெருநாய், நம்ம செவ்வந்தி, லிஃப்ட் ஏறிட்டா! நாலாவது மாடியில ஏறி, கீழ வரைக்கும் வந்து, கதவு திறந்ததும் வாலை ஆட்டிக்கிட்டே வெளிய நடந்தா. பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். அந்தக் கதவு "கிர்ர்"னு நகர்ற சத்தத்துக்கே செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி போய் ஒடுங்கிக்குவா.

எப்படிப் பண்ணேன்னு முழுசா சொல்றேன், ஏன்னா அபார்ட்மெண்ட்ல தெருநாயைத் தத்தெடுக்கிற எல்லாருக்கும் இந்தப் பிரச்சனை வரும். தெருவுல வளர்ந்த நாய்க்கு லிஃப்ட்ல மூணு விஷயம் பயம். தரை வழுக்கும், உள்ள போனதும் ஒரு குலுக்கல் இருக்கும், அப்புறம் வாசல்ல இருக்கிற அந்த இடைவெளி. நமக்கு அது ஒரு கோடு. அதுக்குக் கீழ இருட்டுக்குழி தெரியும், காத்து வரும். மூணுல அதுதான் பெரிய பயம்.

அதுக்கு மருந்து இதோ, இந்த கால்மிதி. 180 ரூபாய்! வேளச்சேரி ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரக் கடையில வாங்கினது. பின்பக்கம் பாருங்க, புள்ளி புள்ளியா ரப்பர். இந்த ரப்பர் இல்லாத பஞ்சு மேட்டு 120-க்கே கிடைக்கும், தயவுசெஞ்சு அதை வாங்காதீங்க. நாய் முன்னங்கால் வெச்சதும் அது சறுக்கும், ஒரு தடவை சறுக்கிட்டா அந்த நாய் திரும்ப அதுல காலே வைக்காது. 60 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மொத்த வேலையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரப்பர் மேட்டு, 180, அவ்வளவுதான்.

வேகவெச்ச சிக்கனை சுண்டு விரல் நகம் சைஸுக்குப் பிச்சு வெச்சுக்கோங்க. முதல்ல மூடின கதவு முன்னாடி மேட்டைப் போட்டு அதுலயே ஊட்டுங்க. அங்க நிம்மதியா சாப்பிட்டா, அடுத்து கதவு திறந்து மூடும்போது ஊட்டுங்க. அப்புறம்தான் மேட்டை இடைவெளி மேல பாலம் மாதிரி போடணும். ஒருத்தர் உள்ள நின்னு கதவு திறக்கிற பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கணும். முன்னங்கால் ரெண்டும் உள்ள வந்தா ஒரு துண்டு. திரும்பிப் போகணும்னு நினைச்சா போகட்டும், லீஷை, அதாவது நாயைப் பிடிக்கிற கயித்தை, இழுக்கவே கூடாது. இழுத்தா கழுத்து வலியும் லிஃப்டும் அது மனசுல ஒண்ணா பதிஞ்சிடும். நாலு காலும் உள்ள வந்ததும் மேட்டை முழுசா உள்ள இழுத்துடுங்க. இல்லன்னா ஓரம் கதவுல மாட்டி, கதவு அடிச்சு அடிச்சுத் திறக்கும், அந்தச் சத்தத்துக்கே எல்லாம் போச்சு. கதவு மூடினதும் முதல்ல எங்கயும் போக வேண்டாம், நின்ன இடத்துலயே திரும்பத் திறங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு மாடி.

லீஷ் பத்தி ஒரு முக்கியமான விஷயம். லிஃப்டுக்குள்ள லீஷைக் குட்டையா கையில சுருட்டிப் பிடிங்க. நாய் வெளிய, நீங்க உள்ள, நடுவுல கதவு மூடிச்சுன்னா கழுத்து போயிடும். நீண்டு சுருங்குற ரோலர் லீஷ் எனக்குச் சுத்தமா பிடிக்காது, லிஃப்ட் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, எரிச்சல் விஷயத்துக்கு வர்றேன். நேத்து ஒரு போன். "நாய் நல்ல சாதுவா இருக்குன்னு சொன்னீங்க, மொட்டை மாடியில கட்டிப் போட்டுக்கலாமா? ராத்திரி காவலுக்கு ஆச்சு"ன்னு கேக்குறார். முடியாதுங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். மே மாசம் சென்னை மொட்டை மாடியில சங்கிலியில நின்னா ஹீட் ஸ்ட்ரோக்தான்.

சாதுன்னா என்னன்னு இங்க கிட்ட வந்து பாருங்க. கையில துண்டை நீட்டுறேன். பல்லு படவே இல்ல, உதட்டாலயே எடுக்குறா பாத்தீங்களா? இது அவ குணம். ஆனா இதையும் பாருங்க, கேமராவைப் பக்கத்துல கொண்டு போனதும் காது பின்னாடி போகுது, உதட்டை நக்குறா, முகத்தைத் திருப்பிக்கிறா. இது சாது இல்ல, "கொஞ்சம் தள்ளிப் போ"ன்னு கேக்குறா. சரி சரி, தள்ளிக்கிறேன் தங்கம். குரைக்காத, உறுமாத நாய் இப்படித்தான் சொல்லும். இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க வீட்டுக்குத்தான் செவ்வந்தி போகணும்.

ஐயோ, அவளைப் பத்தியே சொல்லாம போறேன். புதுசா வந்தவங்களுக்காக: நாட்டு நாய், செவலை, பொண்ணு, பல்லைப் பார்த்து டாக்டர் சொன்ன வயசு மூணு. 15 கிலோ. கருத்தடை ஆயிடுச்சு, காது நுனியில இந்த வெட்டு அதுக்கான அடையாளம், அடிபட்ட காயம் இல்ல. ரேபிஸ் ஊசி, பல நோய்க்குச் சேர்த்துப் போடுற நைன் இன் ஒன் ஊசி எல்லாம் முடிஞ்சது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை. பூச்சி மருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை.

நம்ம கிட்ட வரும்போது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா. ரத்தத்துல பிளேட்லெட் இறங்கி, ஈறு வெளுத்துப் போயிருந்தா. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு, அப்போ இவளுக்கு ஒரு நாளைக்கு 150, மொத்தம் 28 நாள். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கி நல்லா சாப்பிட ஆரம்பிச்சிடும், மாத்திரையை நிறுத்திடுவாங்க, நோய் உள்ளயே தங்கிடும். இன்னொண்ணு, அந்த மாத்திரையைப் பால், தயிர்ல கலந்து கொடுக்காதீங்க, கால்சியம் மருந்தை உடம்புல சேர விடாது. வெறும் வயித்துலயும் வேண்டாம், மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிப் புண்ணாக்கிடும். சாப்பாட்டோட கொடுத்து, மேல தண்ணி குடிக்க வைங்க. அளவை டாக்டர்தான் எழுதணும், வீட்டுல இருக்கிற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் பக்கம் கையே போகக்கூடாது. செவ்வந்திக்கு முழு கோர்ஸும் முடிச்சு, திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு, பிளேட்லெட் ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு!

சாப்பாடு ரெண்டு வேளை. ஒரு வேளைக்கு எலும்பில்லாத சிக்கன் 150 கிராம் வேகவெச்சது, ஒரு கப் சோறு, கொஞ்சம் பரங்கிக்காய். உப்பு, மசாலா, வெங்காயம் கிடையாது. வேகவெச்ச எலும்பு கிடையவே கிடையாது, ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் குத்தும். வீட்டுச் சாப்பாட்டுல கால்சியம் பத்தாது, டாக்டர் எழுதின சப்ளிமெண்ட் சீட்டையும் கூடவே தர்றேன்.

இப்போ எடுத்துட்டுப் போறவங்களுக்கு. தத்து கொடுத்த நாய் பெரும்பாலும் தொலையுறது முதல் சில நாள்லதான். பயந்த நாய் பின்னாடி நகர்ந்தாலே சாதா காலர் தலை வழியா கழண்டு வந்திடும். அதனால நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் ஒண்ணு, இழுத்தா அளவா இறுகி தலை வழியா கழண்டு வராத மார்ட்டிங்கேல் காலர் ஒண்ணு, ரெண்டுலயும் தனித்தனி லீஷ். வீட்டு வாசலைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டும் மாட்டியிருக்கணும். முதல் மூணு நாள் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுப் பசங்க யாரையும் கூப்பிட்டுக் காட்டாதீங்க, குளிப்பாட்டாதீங்க, கட்டிப்பிடிக்காதீங்க. ஒரு மூலையில அவ போர்வையைப் போட்டுட்டு விட்டுடுங்க. ஒண்ணுக்குப் போயிட்டா திட்டாம, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைங்க. பினாயில் வேண்டாம், பாதத்தை நக்கினா வயித்துக்குள்ள போகும்.

பூனை! பூனையைச் சொல்லாம விட்டுட்டேன். பூனையைக் கண்டா துரத்துறா, அதனால பூனை இருக்கிற வீட்டுக்கு இவ வேண்டாம். வேற நாய் இருந்தா பரவாயில்ல, ஆனா முதல் சந்திப்பு வீட்டுக்குள்ள கூடாது, வெளிய ரெண்டையும் பக்கம் பக்கமா, நடுவுல தூரம் விட்டு நடத்திட்டு ஒண்ணா உள்ள வாங்க. குழந்தைங்க எட்டு வயசுக்கு மேல இருந்தா நல்லது.

அசோசியேஷன்காரங்க லிஃப்ட்ல நாய் கூடாதுன்னா, விலங்குகள் நல வாரியம் 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிரிண்ட் எடுத்துக் காட்டுங்க. செல்லப்பிராணிக்குத் தடை போடவோ, லிஃப்டை மறுக்கவோ அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதே நேரம் லீஷ் போடுறது, கழிவை அள்ளுறது நம்ம பொறுப்பு. மாநகராட்சி உரிமமும் கட்டாயம், ரேபிஸ் ஊசிச் சான்று நான் தர்ற ஃபைல்ல இருக்கு.

தத்துக்குக் காசு எதுவும் வாங்கல. சென்னைக்குள்ள இருக்கணும், நான் நேர்ல வந்து வீட்டைப் பார்ப்பேன், ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும். விருப்பம் இருக்கிறவங்க சேனலுக்கு மெசேஜ் போடும்போது வீட்டு வாசலையும் பால்கனி கிரில்லையும் வீடியோ எடுத்து அனுப்புங்க. கிரில் கம்பி இடைவெளி தெரியுற மாதிரி, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதக் கடிதமும் அதோடயே வரணும், அது இல்லாம அடுத்த கட்டம் போக மாட்டேன்.