பக்கத்துச் சொல்லும் தண்டனையும்

(மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

வாசகர் வட்ட நண்பர்களுக்கும், சட்டக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஒரே பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலச் சொற்கள் நிறைய உண்டு. பேச்சில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடாது. நீதிமன்றத்தில் அப்படி விட முடியாது. ஒரு மனிதர் எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்பதே அங்கே சொல்லைப் பொறுத்துத்தான். குற்றவியல் சட்டத்திலிருந்து சில இணைகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 'கிட்னாப்பிங்', 'அப்டக்ஷன்'. தமிழில் இரண்டுமே கடத்தல்தான். ஆனால் சட்டம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறது. ஒருவரை பலவந்தமாகவோ ஏமாற்றியோ ஓரிடத்திலிருந்து போக வைத்தால் அது அப்டக்ஷன். அங்கே வயது ஒரு பொருட்டே இல்லை, அவருடைய விருப்பம்தான் கேள்வி. கிட்னாப்பிங் வழக்குகளில் பெரும்பாலானவை வேறு மாதிரி. 18 வயது நிரம்பாத ஒருவரை, பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் பொறுப்பிலிருந்து கொண்டுபோனாலே குற்றம். பலவந்தம் வேண்டியதில்லை. 'நானாக விரும்பித்தான் போனேன்' என்று அந்தப் பிள்ளை சொன்னாலும் அந்தச் சம்மதம் சட்டத்தில் செல்லாது.

அப்படியென்றால் வீட்டை விட்டுப் போன பெண்ணோடு இருந்த இளைஞர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? இந்தக் கேள்விக்குப் பதில் நம் சென்னையில் பிறந்த வழக்கு ஒன்றிலிருந்தே கிடைத்தது. வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம். 1960 அக்டோபரில் ஒரு கல்லூரி மாணவி, தங்கியிருந்த உறவினர் வீட்டிலிருந்து தானாகவே கிளம்பினார். தான் விரும்பிய வரதராஜனை வரச் சொல்லித் தொலைபேசியில் பேசியதும் அவர்தான். இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் திருமண ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தார்கள். அந்த மாணவிக்கு 18 வயது நிரம்பச் சில வாரங்களே பாக்கி. தந்தை புகார் கொடுத்தார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வரதராஜனைக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டன.

உச்ச நீதிமன்றம் 1964-இல் அவரை விடுதலை செய்தது. சட்டத்தில் இருந்த 'டேக்கிங்', அதாவது கொண்டுபோவது, என்ற ஒற்றைச் சொல்லில்தான் அந்த வழக்கு திரும்பியது. ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது வேறு, கூட வருகிறேன் என்று வருபவரைத் தடுக்காமல் இருப்பது வேறு என்று நீதிபதிகள் பிரித்தார்கள். தான் செய்வது இன்னதென்று புரிந்த வயதில் ஒரு பெண் தானாகக் கிளம்பி வந்திருக்கிறார். அந்த முடிவுக்கு அவரைத் தூண்டியதாகவோ ஆசை காட்டியதாகவோ சாட்சியம் இல்லை. அந்த நிலையில் கூட இருந்ததை மட்டும் வைத்துக் கொண்டுபோனதாகச் சொல்ல முடியாது என்றார்கள். இன்றும் இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர்கள் எடுத்து வைக்கும் தீர்ப்பு இது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இதை முழுசாகப் படிக்க வேண்டும். சாட்சியத்தின் ஒவ்வொரு வரியையும் ஒரு சொல்லோடு ஒட்டி வைத்துப் பார்ப்பது எப்படி என்று அதில் தெரியும்.

அடுத்தது 'மர்டர்', 'கல்பபிள் ஹோமிசைட்'. முன்னது கொலை; பின்னது மரணம் விளைவித்த குற்றம், அதில் கொலை அளவுக்குப் போகாததைக் கொலையாகாத மரணம் என்கிறோம். உயிர் போனால் கொலை என்பது நம் பேச்சு. சட்டம் உள்ளே போய்ப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடு போடும் சொற்கள் இரண்டு. 'லைக்லி' என்றால் அந்தச் செயலால் மரணம் நேரக்கூடும். 'சஃபிஷியன்ட்' என்றால் அந்தக் காயம் இயல்பான போக்கிலேயே மரணம் விளைவிக்கப் போதுமானது. முதலாவதோடு நின்றால் பெரும்பாலும் கொலையாகாத மரணம். இரண்டாவது நிரூபணமானால், விதிவிலக்கு எதுவும் இல்லாதபோது, கொலை. கொலைக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு. கொலையாகாத மரணத்தில், கொல்லும் எண்ணமின்றி, மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்த வகைக்குப் பத்து ஆண்டு வரைதான்.

பஞ்சாபைச் சேர்ந்த விர்சா சிங் வழக்கில், 1958-இல், நீதிபதி விவியன் போஸ் இதைத் தெளிவாக்கினார். வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. 'கொல்ல நினைக்கவில்லை' என்பது வாதம். அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தாரா என்பது மட்டுமே குற்றவாளியின் மனதைப் பற்றிய கேள்வி, அது மரணத்துக்குப் போதுமானதா என்பதை மருத்துவ சாட்சியம் சொல்லும் என்றார். கொலை என்றே தீர்ப்பானது. 'ஒரு குத்துதானே' என்று இன்றும் பலர் வாதிடுவதால் சொல்கிறேன்.

'டிஸ்சார்ஜ்', 'அக்விட்டல்' இரண்டையும் செய்திகளில் 'விடுதலை' என்றே எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். டிஸ்சார்ஜ் என்பது குற்றச்சாட்டு வனையும் முன்பே, அதாவது இன்ன குற்றம் என்று நீதிமன்றம் முறையாக எழுதி விசாரணையைத் தொடங்கும் முன்பே, வழக்கிலிருந்து விடுவிப்பது. புதிய ஆதாரம் வந்தால் வழக்கு திரும்ப வரலாம். அக்விட்டல் என்பது விசாரணை முடிந்து வரும் விடுதலை. மேல்முறையீடு உண்டு, ஆனால் அந்த விடுதலை நிலைத்துவிட்டால் அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

சரி, உங்களுக்கே நேரடியாகத் தேவைப்படக்கூடியதற்கு வருகிறேன். 'தெஃப்ட்', 'ராபரி'. கல்யாண மண்டபத்தில் யாரும் பார்க்காத நேரம் 20 பவுன் நகைப்பையை எடுத்துப் போனாலும் அது திருட்டுதான். கத்தியைக் காட்டி 200 ரூபாய் பிடுங்கினாலும் அது ராபரி. தொகை கணக்கில் வராது. அடித்தார்களா, மறித்தார்களா, இந்த நிமிடமே காயப்படுத்துவார்கள் என்ற பயத்தை உண்டாக்கினார்களா என்பதே கேள்வி. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 'டகாய்ட்டி', ஆயுள் தண்டனை வரை போகும்.

திருட்டுக்கும் ராபரிக்கும் நடுவில் வெகுகாலம் சங்கடப்படுத்தியது சங்கிலிப் பறிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அதற்கு 'ஸ்னாட்சிங்' என்று தனிப் பெயரும் 304-ஆம் பிரிவும் கொடுத்தது. வரவேற்கிறேன். ஆனால் தண்டனை மூன்று ஆண்டு வரை என்று சாதாரணத் திருட்டின் அளவிலேயே நிறுத்தியது போதாது என்பது என் கருத்து. கழுத்து அறுபட்டு ரோட்டில் விழுந்த பெண்களைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாங்கியதும் பிரிவைப் பாருங்கள். திருட்டுக்கு 303, பறிப்புக்கு 304, ராபரிக்கு 309. பறிக்கும்போது காயப்படுத்தினார்கள், அல்லது கத்தி காட்டினார்கள் என்றால் அதை விசாரணை அதிகாரியிடம் சொல்லி, உங்கள் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள், மருத்துவமனைச் சீட்டையும் கொடுங்கள். பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பக் காவல்துறைக்கு வழி இருக்கிறது.