யார் ஏறுறீங்க? லண்டன் குடைராட்டினம், 1721

வணக்கம் மக்களே! பின்னாடி சுவத்துல தொங்குறதப் பாத்துட்டீங்களா? டூலிப் பூ மோகத்தப் பத்தின வீடியோல இருந்து "அக்கா, ஹோகார்த் எப்போ?"ன்னு நச்சரிச்சீங்கல்ல, இந்தாங்க. இங்கிலாந்து ஓவியர் வில்லியம் ஹோகார்த், லண்டன் சவுத் ஸீ கம்பெனியோட பங்கு விலை ஏறி விழுந்த கூத்தப் பத்தி 1721ல செதுக்கின படம்.

பிரின்ட் 350 ரூபா. ஃபிரேம் எவ்ளோ தெரியுமா? 1,900! கண்ணாடிக்குத் தனி பில்லு. அதக்கூட விட்டுடலாங்க. மவுண்ட், அதான் படத்தச் சுத்தி வர்ற அட்டை, வெக்கிறேன்னு கீழ இருக்கிற பாட்டு முழுசையும் மறைச்சுட்டாரு அந்தக் கடைக்காரரு. கேட்டா, "படம் தெரியுதுல்ல மேடம், எழுத்து எதுக்கு?"ங்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! யாரு எவருன்னு சொல்றதே அந்தப் பாட்டுதான் சார்!

சரி, நடுவுல பாருங்க. குடைராட்டினம். பாதிரியாரு, ஷூ பாலிஷ் போடுறவரு, பாலியல் தொழிலாளின்னு ஒரே ராட்டினத்துல சுத்துறாங்க. உச்சியில ஒரு ஆடு, பக்கத்துல "யார் ஏறுறீங்க?"ன்னு எழுத்து. இந்தப் பக்கம் சாத்தான், அதிர்ஷ்ட தேவதையோட சதைய வெட்டி வெட்டிக் கூட்டத்துக்கு வீசுறான். அந்தப் பக்கம் நேர்மைங்கிற ஆளச் சக்கரத்துல கட்டிப்போட்டு சுயநலங்கிற ஆளு எலும்ப ஒடைக்கிறான். வலது மூலையில சுருண்டு கெடக்கிறது யாருங்கிறீங்க? வியாபாரம். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல.

ஐயோ, கதையவே சொல்லலையே! அரசாங்கக் கடன கம்பெனி எடுத்துக்கிச்சு, கடன் பத்திரம் வெச்சிருந்தவங்களுக்குப் பதிலா பங்கு. அந்தப் பங்கு விலை 1720 ஜனவரியில சுமார் 128 பவுண்டு, கோடையில ஆயிரத்துக்கிட்ட, டிசம்பர்ல பழையபடி நூத்திச் சொச்சம். நியூட்டனே பணத்த விட்டாரு, நியூட்டன்!

இதே கூத்துக்கு ஆம்ஸ்டர்டாம்ல பெர்னார் பிக்கார்னு ஒரு ஓவியர் போட்ட படமும் இருக்கு. அதிர்ஷ்ட தேவதை தேர்ல வருவா, மனுஷ உருவத்துல கம்பெனிங்கதான் இழுக்கும். பிரமாதமான கைவேலை, ஆனா எனக்குப் பிடிக்கல. ஊர்வலம் மாதிரி இருக்கு. ஹோகார்த்கிட்ட பாருங்க, ராட்டினத்துல ஒருத்தனக் கட்டிவெச்சா ஏத்தியிருக்கு? தானா ஏறினவங்க. கம்பெனிக்காரன மட்டும் திட்டிட்டு அவரு தப்பிச்சுக்கல, அதான் பிடிச்சுது.

ஆங், மறந்துட்டேன்! அப்போ இதோட விலை ஒரு ஷில்லிங், அந்தக் காலத்து இங்கிலாந்து காசு. அவரு படங்கள கண்டவனும் காப்பியடிச்சு விக்க, மத்த ஓவியர்களயும் சேத்துக்கிட்டுப் போராடி 1735ல பார்லிமென்ட்ல சட்டமே வாங்கிட்டாரு. அதுக்கு ஹோகார்த் சட்டம்னே பேரு.

அந்த மறைஞ்சுபோன பாட்டோட கடைசி வரி என்னன்னா, "மிச்சத்த நீங்களே யூகிச்சுக்கோங்க." நாளைக்கு மவுண்டக் கழட்டச் சொல்லப் போறேன். அதுக்கும் காசு கேட்டாருன்னா, இருக்கு அவருக்கு!