மணியோசை முன்னே, ஆந்தை பின்னே

அவையோருக்கு வணக்கம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இலங்கையில் ‘செரண்டிப் ஸ்கோப்ஸ்’ என்ற ஓர் ஆந்தைக்கு ஓசை வந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகுதான் உருவம் வந்தது.

1995-இல் கித்துல்கல மழைக்காட்டின் இருட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட ஒரு குரலைக் கேட்டார். மெல்லிய, ஒற்றை ஊதல். அடுத்தது வர நேரமாகும். அதற்குள் பூச்சிகளின் இரைச்சலில், கேட்டது உண்மைதானா என்றே சந்தேகம் வந்துவிடும். நம்மில் பலர் ‘ஏதோ தவளை’ என்று நடையைக் கட்டியிருப்போம். அவரோ பறவைக் குரல்களைப் பதிவு செய்து பழகியவர். தீவில் தமக்குத் தெரிந்த எந்தப் பறவையின் தொண்டையும் இல்லை இது என்று அவருக்குப் பட்டது. நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்: தெரிந்த குரல்கள் காதில் குடியேறியிருந்தால்தான் தெரியாதது தனித்துக் கேட்கும். அரிய பறவையைத் தேடிக் காட்டுக்கு வருகிறவர்களுக்கு, எங்கும் கேட்கும் குக்குறுவானின் குரலைக் காதுகொடுத்துக் கேட்கப் பொறுமையில்லை. பிறகு எப்படி?

2001 ஜனவரி 23 அன்று சிங்கராஜ வனத்தில் அது அவர் கண்ணில் பட்டது. செம்பழுப்பு உடல், குட்டை வால், ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளம். இதன் உறவுக்கார ஆந்தைகளுக்குத் தலையில் காதுபோல் நிமிர்ந்து நிற்கும் இறகுக் கொத்து இதற்குக் கிடையாது. 2004-இல் புதிய பறவை இனமாக முறைப்படி விவரித்தார்கள். நூறாண்டுகளுக்கு மேலாக இலங்கையில் அப்படியொரு கண்டுபிடிப்பு நடந்திருக்கவில்லை.

இத்தனை காலம் எங்கே இருந்தது? நன்றாக இருட்டிய பிறகு, தரையை ஒட்டிய புதர்களில் இரை தேடிக்கொண்டிருந்தது. டார்ச்சை மர உச்சிக்கு அடித்துக்கொண்டு போனால் எப்படித் தெரியும்?

இப்போது கைப்பேசியிலேயே அதன் குரல் கிடைக்கிறது. ஒலிக்கவிட்டு வரவழைப்பது சுலபம். எனக்கு அது அறவே பிடிப்பதில்லை. தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது அந்த ஜீவன். ஒரு குழு செய்தால் போகட்டும். நாளும் ஒரு குழு வந்தால்? அழியும் ஆபத்திலிருக்கும் இனங்களின் பட்டியலில் உள்ள பறவை இது. அதன் பகல் தங்குமிடம் அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களோடு போங்கள். அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள்.