"பையன் என்ன சார் பண்ணிட்டான்?"

நேயர்களுக்கு வணக்கம். ஆசிரியர்களும் பிள்ளைகளின் வீட்டாரும் ஒட்டுறவாக இருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தருமபுரி மாவட்டத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் நம் ஊர்த் தாய்மார்கள் முதலில் கேட்பது, "பையன் என்ன சார் பண்ணிட்டான்?" என்றுதான். புகார் சொல்லத் தவிர வேறு எதற்கு நாம் கூப்பிடுகிறோம்? ஒரு தடவை நாலாம் வகுப்புப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, "ஒன்றுமில்லைம்மா, இன்றைக்குப் பின்னக் கணக்கை அவனே போர்டில் போட்டுக் காட்டினான்" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "அதுக்கா சார் போன் பண்ணீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னால் அதே பையன் பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தபோது, நான் விசாரிப்பதற்கு முன்பே அவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஜூன், ஜூலைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல சேதி போய்விட வேண்டும். புகார் சொல்லும் நாள் எப்படியும் வரும். அன்றைக்கு நாம் சொல்வது காதில் ஏறும்.

சரி, யாரிடம் பேசுவது? பென்னாகரம், ஏரியூர் பக்கம் பல வீடுகளில் அப்பா, அம்மா இருவருமே பெங்களூரில் கட்டட வேலைக்கோ, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும். ரேங்க் கார்டில் கைநாட்டு வைப்பதும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவதும் அந்த ஆயாதான். "அப்பா அம்மாவைக் கூட்டிவா" என்று பிள்ளையை விரட்டினால் அது எங்கே போகும்? ஆயாவிடமே பேசுங்கள். முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். நாம் உட்கார்ந்துகொண்டு பெரியவர்களை நிற்கவைத்துப் பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அது அறவே பிடிக்காது.

பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்படுவதிலும் நியாயமில்லை. அந்த நேரத்தில் அம்மா நூறு நாள் வேலையில் இருப்பார்; பாலக்கோட்டுப் பக்கம் என்றால் தக்காளி பறித்துக்கொண்டிருப்பார். வெளியூர் போனவர்கள் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ஊர் வருவார்கள். அவர்கள் திரும்பி பஸ் ஏறுவதற்குள் ஒரு சாயங்காலம் வைத்துப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் சில ஊர்களில் தீர்மான நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதோடு சரி.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை திடீரென்று வராமல் நின்றால், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா" என்ற பதிலை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். தெரிந்த உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டோடு பழக்கம் கெட்டுப்போகுமே என்று தயங்குகிற ஆசிரியர்கள் உண்டு. கெட்டால் கெடட்டும். கொஞ்ச நாள் முறைப்பார்கள். அப்புறம் நாமேதான் படியேறிப் போக வேண்டும்.

போகும்போது வெறும் புத்திமதியோடு போகாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வர, 2022இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கினார்கள். அதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆயாவும் தாய்மாமனும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நான் பார்த்தவரை, கல்யாணப் பேச்சை முதலில் எடுப்பது பெரும்பாலும் அந்த மாமன்தான்.

நன்றி, வணக்கம்.