பழைய எக்கோஸ்போர்ட் வாங்கலாமா? முதலில் எந்த என்ஜின் என்று கேளுங்கள்

வணக்கம் மக்களே. கையில் நாலைந்து லட்சம் இருக்கிறது, கொஞ்சம் உயரமான வண்டி வேண்டும், நெடுஞ்சாலையில் ஆடாமல் போக வேண்டும், பழைய ஃபோர்டு எக்கோஸ்போர்ட் எடுக்கலாமா? இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. எடுக்கலாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. எக்கோஸ்போர்ட் என்ற ஒரே பெயரில் நாலு வேறு குணமுள்ள வண்டிகள் ஓடுகின்றன. ஒன்றை வைத்திருப்பவர் தலையில் வைத்துக் கொண்டாடுவார், இன்னொன்றை வைத்திருப்பவர் என்ஜினையே மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

நான் ஓட்டுவது டீசல் எக்கோஸ்போர்ட், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வண்டி ரொம்பப் பிடிக்கும். செங்கல்பட்டு பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவர்களுக்கு இந்த வண்டிமேல் தனிப் பாசம் உண்டு, ஏனென்றால் இது மறைமலைநகரில் செய்த வண்டி. 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. நாலு மீட்டருக்குள் எஸ்யூவி மாதிரி ஒரு வண்டி என்பது அப்போது நம் ஊருக்குப் புதுசு. ஆரம்ப விலை 5.59 லட்சம் என்று அறிவித்ததும் மாதக்கணக்கில் வெயிட்டிங் போனது. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது, 2018-லிருந்து அமெரிக்காவுக்கும் போனது. அமெரிக்கா போன அந்த வண்டிகளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது முக்கியம்.

முதலில் எல்லா எக்கோஸ்போர்ட்டுக்கும் பொதுவான சில விஷயங்கள். வண்டியின் பின்னால் வாருங்கள். ஸ்டெப்னி டிக்கி கதவின் மேலேயே தொங்குகிறது. கதவு மேலே தூக்குவது இல்லை, பக்கவாட்டில் திறக்கிறது. கைப்பிடி வலது பக்க டெயில் லேம்ப்புக்குள் ஒளிந்திருக்கிறது, கீல் இடது பக்கம். இந்த அமைப்பு சாலையின் வலது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குப் பொருத்தம். பிரேசிலில் பிறந்த வண்டி அல்லவா, முதல் தலைமுறை 2003-லேயே அங்கே வந்துவிட்டது. நம் ஊரில் இடது ஓரமாக நிறுத்தினால் கதவு நடைபாதைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், நீங்கள் போக்குவரத்துப் பக்கம் நின்று சாமான் ஏற்ற வேண்டும். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் கதவைத் திறக்கவே முடியாது. ஐரோப்பாவில் இந்த ஸ்டெப்னி வேண்டாம் என்று வாங்குபவர்கள் சொன்னதால் 2015-ல் அது இல்லாமலும் கொடுத்தார்கள். நம் ஊரிலோ அதுதான் வண்டிக்கு அழகு என்று சொன்னவர்கள் அதிகம்.

அந்த ஸ்டெப்னி எடை முழுவதும் கீலில்தான் விழுகிறது. அதனால் பழைய வண்டியைப் பார்க்கப் போனால் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் மேலே லேசாகத் தூக்கிப் பாருங்கள். லொடலொட என்று ஆட்டம் இருந்தால் கீலோ பூட்டோ தேய்ந்திருக்கிறது. பெரிய செலவு இல்லை, ஆனால் விலை பேச உதவும்.

உள்ளே உட்கார்ந்தால் இன்னொன்று கவனிப்பீர்கள். முன் கண்ணாடியின் இரண்டு பக்கத் தூணும் தடிமன். வளைவில் திரும்பும்போது ஒரு பைக்கையே மறைக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்ப் பார்த்துத் திரும்பப் பழகிக்கொள்ள வேண்டும். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் வசதியாக உட்கார முடியாது. சரி, இதெல்லாம் டெஸ்ட் டிரைவிலேயே தெரிந்துவிடும்.

நல்ல விஷயமும் எல்லாவற்றுக்கும் பொதுதான். 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ். ஸ்டீயரிங் கையில் பேசும். வேகத்தில் லேன் மாற்றும்போது இந்த உயரத்துக்கு இவ்வளவு அடங்கிப் போகும் வண்டி அந்த விலையில் குறைவு. கதவைச் சாத்தினால் ஒரு கனமான சத்தம் வரும். இந்த வண்டியை விட்டு வேறு வண்டிக்கு மாறியவர்களிடம் கேளுங்கள், முதலில் சொல்வது இந்த ஓட்டும் சுகத்தைத்தான்.

இனி என்ஜினுக்கு வருவோம். இந்த வீடியோவே இதற்காகத்தான்.

2013-ல் வந்த 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட். மூன்று சிலிண்டர், 999 சிசி, டர்போ, 125 பிஎஸ் (குதிரைத்திறன்). 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து 'இன்டர்நேஷனல் என்ஜின் ஆஃப் த இயர்' விருது வாங்கிய என்ஜின். ஓட்டிப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஆனால் உள்ளே டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை, இருக்கும் இடத்தைப் பாருங்கள். வழக்கமாக ரப்பர் பெல்ட் என்ஜினுக்கு வெளியே, ஒரு மூடிக்குப் பின்னால், காய்ந்த இடத்தில் ஓடும். இதில் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும். திட்டம் நல்லதுதான். அந்த பெல்ட்டின் உயிர் ஆயிலின் தரத்தில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இதற்கென்று தனி ஆயில் உண்டு. 5டபிள்யூ-20, அதிலும் ஃபோர்டின் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரக்குறியீடு உள்ளது. மெக்கானிக் கடையில் பீப்பாயில் இருக்கும் ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால் ரப்பர் மெல்ல மெல்ல ஊறி, வெடித்து, துகளாக உதிரும். இன்னொரு வழியிலும் கெடும். இது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் அடிக்கும் என்ஜின். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு என்று சூடாகும் முன்பே அணைத்துக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். அதுவும் ரப்பருக்கு ஆகாது. உதிர்ந்த துகள் எங்கே போகும்? என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்து, பம்ப் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் பிரஷர் இறங்கும். முதலில் டர்போ போகும், பிறகு பேரிங், கடைசியில் என்ஜினே. பெல்ட் அறுந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், அறுவதற்கு வெகு முன்பே அது என்ஜினைக் கொன்றுவிடலாம்.

ஆயில் பம்ப்பை ஓட்டுவதும் இதே போல ஆயிலில் நனையும் இன்னொரு சின்ன பெல்ட்தான். அமெரிக்கா கதை இங்கேதான் வருகிறது. 2023 கடைசியில் ஃபோர்டு அங்கே 1,39,730 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட், எல்லாம் 1.0 லிட்டர். அந்தப் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் உதிரலாம், ஆயில் பிரஷர் போய் என்ஜின் ஓட்டத்திலேயே நின்றுவிடலாம், பிரேக் பூஸ்டரின் உதவியும் போய்விடலாம் என்பதுதான் காரணம். அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் நம் மறைமலைநகரிலிருந்து போனது. ஆகவே இது எங்கோ யாருக்கோ நடந்தது என்று 1.0 வைத்திருப்பவர் ஒதுக்க முடியாது.

அப்படியானால் 1.0 வேண்டவே வேண்டாமா? ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருக்கிறது, பில்லில் சரியான ஆயில் பெயர் இருக்கிறது, 10,000 கிலோமீட்டரைத் தாண்டாமல் மாற்றியிருக்கிறார்கள் என்றால் தைரியமாகப் பாருங்கள். பெல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 10 வருடம். முதல் வண்டிகள் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டன. மாற்றிய ரசீது இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். அது வெறும் பெல்ட் செலவு இல்லை, அந்த வேலை தெரிந்த கை வேண்டும், அதற்கான டைமிங் பூட்டுக் கருவிகளும் வேண்டும்.

2017 நவம்பரில் முகம் மாற்றி வந்தபோது 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டிராகன் பெட்ரோல் வந்தது. டர்போ கிடையாது. பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் மூன்று சிலிண்டர் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. இதிலும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்தான் என்பது நிறைய ஓனர்களுக்கே தெரியவில்லை. டர்போ சூடு இல்லாததால் கொஞ்சம் நிம்மதி, ஆனால் ஆயில் ஒழுக்கம் இதற்கும் அதேதான். டிராகன் வைத்திருக்கும் அண்ணன் அக்கா எல்லாரும் இன்றைக்கே போன சர்வீஸ் பில்லை எடுத்து என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள், தயவுசெய்து.

2013 முதல் 2017 வரை வந்த பழைய 1.5 நாலு சிலிண்டர் பெட்ரோல் வேறு ரகம். பெல்ட் வெளியே காய்ந்து ஓடுகிறது. வேகம் சுமார், மைலேஜும் சுமார், ஆனால் மேனுவல் கியரோடு எடுத்தால் சாது. அதே என்ஜினில் ஆட்டோமேட்டிக் எடுத்தால்தான் யோசிக்க வேண்டும். அது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் ஊரும்போது உதறல், கிளட்ச் சீக்கிரம் தேய்வது என்று உலகம் முழுக்கப் புகார் வந்த அமைப்பு. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் போட்ட ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் ஓனர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. டிராகனோடு வந்த ஆட்டோமேட்டிக் வேறு, அது இரட்டை கிளட்ச் இல்லாமல் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை, தயங்காமல் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் 2017 நவம்பருக்குப் பிறகு வந்ததைத் தேடுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 1.5 டீசல். எனக்குச் சொந்தப் பிரியம் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டேன், அதைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். எட்டு வால்வு, எளிய அமைப்பு, பெல்ட் வெளியே. ஆரம்பத்தில் 91 பிஎஸ், பிறகு 100. அராய் என்ற வாகனச் சோதனை அமைப்பின் கணக்கில் லிட்டருக்கு 22.7 கிலோமீட்டர் மைலேஜ் சொன்னார்கள். கொஞ்சம் முக்கிவிட்டுத்தான் இழுக்கும், 2,000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் முகம் மாறும். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டியவர்கள் அதிகம் இருப்பது இந்த என்ஜினில்தான். 2020-லிருந்து வந்த பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிக்கு ஏற்ற) டீசலில் மட்டும் புகைக்கரி வடிகட்டி உண்டு. அதை ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நல்ல ஓட்டம் கொடுக்க வேண்டும். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை இருந்ததால் அங்கிருந்து மலிவாக வண்டி வந்தது. அப்படி வந்த வண்டி என்றால், இங்கே மறுபதிவும் சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்று பயப்படுகிறீர்கள், நியாயம்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்றும் சொன்னது. மறைமலைநகரில் ஏற்றுமதிக்கான வண்டிகள் 2022 வரை வந்தன. 2024-ல் அந்த ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்துவதாகத் தமிழக அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் எக்கோஸ்போர்ட் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் இதெல்லாம் வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. பாடி பார்ட்ஸ்தான் தேடி அலைய வைக்கும், ஆகவே விபத்தில் அடிபட்ட வண்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் என்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆயில் லைட் எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று கவனியுங்கள். 1.0 என்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பெல்ட் தெரிகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பில் வெடிப்போ நூலோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கூலன்ட் அளவையும் பாருங்கள், இந்த என்ஜினில் கூலன்ட் குழாய் வெடித்துச் சூடேறிப் போன வண்டிகள் வெளிநாட்டிலும் உண்டு.

நீங்கள் எக்கோஸ்போர்ட் ஓனர் என்றால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எழுதும்போது வருடம், என்ஜின், எத்தனை கிலோமீட்டர், எந்த ஆயில் என்ற நாலையும் சேர்த்து எழுதுங்கள். வாங்க நினைப்பவர் அதைப் படித்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்.